புள்ளி போன கதை

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியாகியிருந்ததை அன்பர்கள் கண்டிருப்பார்கள். அதற்கு முந்திய இதழில், சங்கத்தின் கல்வி நிதிக்கு நன்கொடை வேண்டி வெளியிட்ட அறிவிப்பில், "கல்வி" என்னும் சொல்லில் லகரத்தின் தலைமேல் இருக்கவேண்டிய புள்ளி இல்லாமற்போய்விட்டது. புள்ளி போனபின் அச்சொல் என்ன பொருள் தரும் என்பதை இங்கே எழுதக் கூசுகிறோம். அகராதி வைத்திருப்போர் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் அருகில் இல்லாத வேளையில் புரட்டுவது நலம்.

அந்த வாரம் முழுவதும் நம் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் சினந்தார்கள். "இந்த நிதிக்கு வயது வரம்பு உண்டோ?" என்று கேட்ட பெரியவர் ஒருவரை நாம் இன்னும் மன்னித்தபாடில்லை. இவர்கள் எல்லாரும் நம் வீட்டைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. இந்த இதழின் புரூஃபை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருபவர் நம் தந்தையார். அவருக்கு வயது எண்பத்தொன்று.

தந்தையார் எவரிடமும் சமாதானம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு, உணவு முடிந்து கை கழுவி வந்தவர், தம்முடைய அகராதியைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தார். "இதை நீ வைத்துக்கொள். சங்கத்தில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிடு. எனக்குக் கண் ஓய்ந்துவிட்டது" என்றார். அவ்வளவுதான்.

அவர் மும்பைக்கு வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக்காரரிடம் மராத்தி, பால்காரரிடம் இந்தி, மருத்துவரிடம் ஆங்கிலம், பேரக் குழந்தைகளிடம் மூன்றும் கலந்த ஒரு பாஷை என்று அவருடைய பொழுது கழிகிறது. மாதத்தில் பத்து நாள் தமிழ் எழுத்தோடு அவருக்கு உறவு இருந்ததென்றால், அது இந்தப் புரூஃபினால்தான். அகராதியை வாங்கிக்கொள்ள நமக்குக் கை வரவில்லை.

கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரு கண்களிலும் புரை நீக்கிய அந்த மருத்துவர், சோதனைகளை எல்லாம் செய்து முடித்து, "உங்கள் வயதில் எனக்கு இப்படிப் பார்வை இருந்தால் போதும்" என்றார். தந்தையார் அதை நம்பவில்லை. கிழவன் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டார். திரும்பி வரும்போது, ஆட்டோவில் இருந்தபடியே, செய்தித்தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த ஏல அறிவிப்பு ஒன்றை நமக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தார். ஆடிக்குலுங்கும் ஆட்டோவில் பொடி எழுத்து தெரிகிறது. வீட்டுக் கூடத்தில், அகலமான திரையில், அதைவிடப் பன்மடங்கு பெரிய எழுத்தில் ஒரு புள்ளி இல்லாதது தெரியவில்லை. இது எப்படி என்னும் கேள்வி நமக்கு அப்போதுதான் உதித்தது. பத்து மாதம் முன்னதாகவே உதித்திருக்கவேண்டும்.

பத்து மாதத்துக்கு முன் நடந்தது இது. தந்தையார் உபயோகித்துவந்த கணினியின் மானிட்டர் ஒரு நாள் கண்ணை மூடியது, பின் திறக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாமென்று நாம் புறப்பட்டபோது, கூடத்தில் இருக்கும் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமே என்று நமக்கு ஒரு யோசனை தோன்றியது. பணம் மிச்சம், இடமும் மிச்சம். மும்பையில் இரண்டாவது மிச்சம் முதலாவதைவிடப் பெரிது. ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி இரண்டையும் பிணைத்தோம்.

முதல் நாள் "சிக்னல் இல்லை" என்னும் வாசகத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விளங்கிற்று: பெட்டியின் பின்னால் மூன்று துளைகள் இருக்க, நாம் இரண்டாம் துளையில் செருகிவிட்டு ரிமோட்டில் முதல் துளையைத் தேர்ந்துகொண்டிருந்தோம். அது சரியான பின்பும் படம் வராத வீடுகளில், விண்டோஸ் கணினியானால், விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, படத்தை எந்தத் திரைக்கு அனுப்புவது என்று கேட்கும் பட்டியலில் தக்கதைத் தேர்ந்துகொள்ளவேண்டும். இவை சில்லறைத் தொல்லைகள். படம் வராவிட்டால் வரவில்லை என்று எவருக்கும் தெரியும். படம் வந்து, அது பிழையாக இருப்பதுதான் பொல்லாதது.

படம் வந்தவுடன் நாம் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பாருங்கள் அப்பா, எவ்வளவு பெரிய எழுத்து!" என்று பெருமையடித்துக்கொண்டோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாற்காலியைத் திரைக்கு இரண்டடி தூரத்தில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நாம் எட்டடி தூரத்துச் சோபாவிலிருந்தே பத்து மாதமும் அந்தத் திரையைப் பார்த்துவந்தோம். அங்கிருந்து எல்லாம் செம்மையாகத்தான் தெரிந்தது.

மருத்துவரிடமிருந்து வந்த அன்று இரவு, அனைவரும் உறங்கிய பின், நாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கல்வி நிதி அறிவிப்பு இருந்த பழைய கோப்பைத் திறந்தோம்.

கறுப்பு எழுத்துக்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு அடித்ததுபோல் ஓடியது. ண, ன என்னும் எழுத்துக்களின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கெ எது, கே எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. வாக்கியத்தை வைத்து ஊகிக்கவேண்டியிருந்தது. சிவப்பு எழுத்துக்களின் நிலையோ இன்னும் பரிதாபம். ஆசிரியர் கடைசி நேரத்தில் சேர்க்கும் பகுதிகள் சிவப்பில் தெரியும்படி அந்தக் கோப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. அந்தப் பகுதிகள், மழையில் நனைந்த குங்குமம்போல் கசிந்து கிடந்தன. கல்வி நிதி அறிவிப்பு முழுவதும் சிவப்பு. அதில் எந்த மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறது, எதற்கு இல்லை என்று நம் இளங்கண்களாலும் சொல்ல இயலவில்லை. (இளங்கண் என்பது தந்தையாரோடு ஒப்பிட்டுச் சொன்னது.)

மறுநாள் கடைக்கு ஓடினோம். விலை உயர்ந்த கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வாங்கிப் போட்டோம். ஒரு மாறுதலும் இல்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் செல்வது எண்களாக மாற்றப்பட்ட செய்தி. கேபிள் பழுதானால் படம் விட்டு விட்டு வரும், பொறி பறக்கும், அல்லது அடியோடு போகும்; எழுத்து மட்டும் மெல்ல மங்குவதற்கு அது காரணமாவதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் அந்தப் பணம் கல்வி நிதிக்குப் போயிருக்கும்.

விஷயம் வேறு. தொலைக்காட்சிப் பெட்டி, தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. அழகுபடுத்திக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் அந்த அலங்காரம் ஒருவாறு பொருந்தும். எழுத்துக்கு அலங்காரம் ஆகாது. ஆகவே, பெட்டி செய்யும் உபகாரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று.

முதலில் விளிம்பு. நம் திரையின் அடியில் இருக்கும் பட்டையின் கீழ்ப்பாதி பத்து மாதமாகத் தெரிந்ததில்லை. மணி காட்டும் எண்களுக்குக் கால் இல்லை. அதற்குப் பழகிப்போயிருந்தோம். இந்த வழக்கம் பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளின் காலத்தது. டில்லியில் 1959இலும், மும்பையில் 1972இலும், சென்னையில் 1975இலும் ஒளிபரப்புத் தொடங்கியபோது இருந்தவை அவைதாம். அந்தக் குழாய்களில் படத்தின் அளவு பெட்டிக்குப் பெட்டி சற்றே வேறுபடும். மாலையில் மின்சார அழுத்தம் குறைந்தால் படம் சுருங்கிக் கறுப்பு ஓரம் தெரிவதை நம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஓரம் தெரியாதிருக்கவே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, விளிம்பைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். குழாய் ஒழிந்து தட்டைத் திரை வந்த பின்பும் அந்தப் பழக்கம் பல பெட்டிகளில் ஒழியவில்லை.

விளிம்பு போனால் போகட்டும் என்று விடலாமென்றால், பெரிதாக்குவதில் இன்னொரு கேடு உண்டு. நம் கணினி குறுக்கே 1920, நெடுக்கே 1080 நுண்புள்ளிகளாகப் படத்தை அனுப்புகிறது. நம் திரையிலும் சரியாக அத்தனை புள்ளிகளே இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திவிட்டால் எழுத்து கூர்மையாக நிற்கும். படத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிதாக்கினாலோ, நூறு புள்ளிகளை நூற்றைந்து புள்ளிகளில் நிரப்பவேண்டும். நூறு பேருக்கு வடித்த சோற்றை நூற்றைந்து இலைக்குப் பரிமாறும் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இலையிலும் பக்கத்து இலையின் பங்கு கொஞ்சம் வந்து கலக்கும். எழுத்தின் ஓரம் கரைவது அதனால்தான்.

இதை நிறுத்தும் இடம் பெட்டிக்குப் பெட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது. படத்தின் அளவைக் குறிக்கும் பகுதிக்குள் ஒரு பெட்டியில் "ஜஸ்ட் ஸ்கேன்" என்றும், மற்றொன்றில் "ஸ்கிரீன் ஃபிட்" என்றும், வேறொன்றில் "ஃபுல் பிக்ஸல்" என்றும் இருக்கும். நம் பெட்டியில் அதைக் கண்டுபிடித்து அழுத்தியவுடன், படம் நாற்புறமும் சற்று உள்ளே வந்தது. மணிக்குக் கால் முளைத்தது. எழுத்துக்கள் பத்தியம் இருந்ததுபோல் மெலிந்தன.

அடுத்து, "ஷார்ப்னெஸ்". பெயரைக் கேட்டு, கூர்மை அதிகமானால் நல்லதுதானே என்று நாமே சில மாதங்களுக்கு முன் அதைக் கூட்டி வைத்திருந்தோம்! உண்மையில் அது கூர்மையைத் தருவதில்லை. மங்கலான படத்தில் இருளும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோட்டை இழுத்துக் கூர்மைபோல் காட்டுகிறது. எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்தது அந்தக் கைதான். தமிழெழுத்துக்கு இது தனிக் கேடு. எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள சிறு வெளியை அந்தக் கோடு அடைத்துவிடுகிறது. நம் பெட்டியில் அதைப் பூஜ்யத்துக்கு இறக்கியதும் கோடு மறைந்தது. சில பெட்டிகளில் நடு எண்ணே நடுநிலை. ஆகையால் வெண்கோடு மறையும்வரை இறக்கி, அங்கே நிறுத்திக்கொள்வதே வழி.

கறுப்பு எழுத்துக்கள் தெளிந்தன. சிவப்பு மட்டும் கசிந்தபடியே இருந்தது. இரண்டு இரவுகள் இதனோடு மல்லாடினோம்.

மனிதனுடைய கண், ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாகக் காணும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாகக் காணாது. ஆகையினால் வண்ணத் தொலைக்காட்சி தோன்றிய நாளிலிருந்தே, ஒளியை நிறைவாகவும் நிறத்தைக் குறைவாகவும் அனுப்பிச் சிக்கனம் செய்வது வழக்கம். நம் நாட்டுக்கு 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்த வண்ணமும் அவ்வகைதான். இன்றைய ஒளிபரப்பில், பக்கத்திற்கு இரண்டாக உள்ள நான்கு நுண்புள்ளிகளுக்கு ஒளி நான்கு. நிறமோ ஒன்றே ஒன்று. நான்கு குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்பதுபோல. கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறத்தை அனுப்பினாலும், பல பெட்டிகள் பழக்கதோஷத்தால் அதை உள்ளே வாங்கி, நிறத்தைச் சிக்கனம் செய்தே காட்டுகின்றன. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு நிறமே இல்லை. ஆகவே அதற்குச் சேதமும் இல்லை. சிவப்பு எழுத்தின் கதி அதோகதி. கோப்பில் வழக்கமாக நாம் வைக்கும் எழுத்தளவில், ஒரு மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி ஏறக்குறைய இரண்டு நுண்புள்ளி அகலம், இரண்டு உயரம். அதாவது, நால்வருக்கு ஒரு நிறம் என்னும் அந்தக் கட்டம் எவ்வளவோ, புள்ளியும் அவ்வளவே. பக்கத்து வெள்ளையோடு நிறத்தைப் பங்கிட்டுக்கொண்டு அது வெளிறிவிடுகிறது.

இதற்கு மருந்து எங்கே இருந்தது தெரியுமா? பெயரில்! பெட்டியின் பின்னால் உள்ள ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெயர் சூட்டிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். நாம் அதைக் குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணியிருந்தோம். கணினி செருகியுள்ள துளைக்கு "பி.சி." என்று பெயர் வைத்தால், இங்கே வருவது சினிமா அன்று, எழுத்து என்று பெட்டி தெரிந்துகொண்டு, தன் அலங்காரங்களில் பலவற்றைக் கைவிட்டு, புள்ளிக்குப் புள்ளி நிறம் காட்டத் தொடங்குகிறது. எல்லாப் பெட்டிகளிலும் இப்படி என்று சொல்வதற்கில்லை, சிலவற்றில் "பி.சி. மோட்" என்று தனியாக இருக்கும், சிலவற்றில் இந்த வசதியே இருக்காது. நம் பெட்டியில் அந்தப் பெயரைத் தேர்ந்த மாத்திரத்தில், கசிந்து கிடந்த சிவப்பு வரிகள் கண்ணெதிரே கூடி நின்றன. இரவு பதினொன்றரை மணிக்கு நாம் போட்ட சத்தத்தில் வீட்டார் விழித்துக்கொண்டனர்.

அதோடு ஒரு புதுத் தொல்லையும் பிறந்தது. கறுப்பு சாம்பலாயிற்று, வெள்ளை பழைய வேட்டியின் நிறமாயிற்று. தொலைக்காட்சி வழக்கப்படி கறுப்பு 16, வெள்ளை 235. கணினி வழக்கப்படி கறுப்பு 0, வெள்ளை 255. பெட்டி இப்போது கணினி வழக்குக்கு மாறிவிட்டது. நம் கணினியோ, எதிரே இருப்பது தொலைக்காட்சி என்று மரியாதை கருதி, இன்னும் 16க்கும் 235க்கும் இடையில் பேசிக்கொண்டிருந்தது. கணினியின் படத்தை ஆளும் பகுதியில் நிற வரம்பை "ஃபுல்" என்று மாற்றினோம், கறுப்பு கறுப்பாயிற்று.

பெரிய திரையானால் நுட்பமும் பெரிது என்று நம்மைப்போல் நம்பியிருப்போருக்கு ஒரு கணக்கு. பழைய மானிட்டர் 21.5 அங்குலம், அதிலும் 1920க்கு 1080 புள்ளிகளே. இந்தப் பெட்டி சரியாக அதன் இரு மடங்கு. புள்ளிகளின் எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொரு புள்ளியும் ஊதி அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் படிக்கட்டுகள் தெரியும். இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. நாற்காலியை நாலடிக்குத் தள்ளிப்போட்டு, கணினியில் எழுத்தளவை 150 விழுக்காடு ஆக்கினோம். வீடுகளில் பரவலாக உள்ள 32 அங்குல "எச்.டி. ரெடி" பெட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலும் அவற்றில் உள்ளவை 1366க்கு 768 புள்ளிகளே. கணினி அதற்குமேல் அனுப்பினால் பெட்டி அதைச் சுருக்கி எழுத்தைக் குழப்பும். கணினியின் பட்டியலில் அந்த அளவோ, 1360க்கு 768 என்பதோ இருந்தால் அதையே தேர்க.

மறுநாள் காலை, காப்பி குடித்து முடித்த தந்தையாரை, ஒரு பழைய கோப்பு திறக்கிறதா பார்க்கவேண்டும் என்று பொய் சொல்லி நாற்காலியில் உட்கார்த்தினோம். கல்வி நிதி அறிவிப்பைத் திறந்து வைத்தோம். அவர் வழக்கம்போல் உதடு அசைய வாசித்தார். இரண்டாம் வரியில் நின்றார்.

"லகரத்துக்குப் புள்ளி இல்லை" என்றார்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். கோப்பு அதுதான், திரைதான் மாறியிருக்கிறது என்றோம். மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவருக்குக் கோபம்தான் வந்தது. "பத்து மாதமாக இதில்தானே பார்த்திருக்கிறேன்? பத்து இதழையும் எடு" என்றார். அன்றும் மறுநாளும் அச்சான பத்து இதழ்களையும் பென்சிலும் கையுமாகப் படித்தார். தப்பிப் போன பிழைகள் இருபத்தேழு. அவற்றுள் இருபத்திரண்டு, கடைசி நேரத்தில் சேர்த்த சிவப்புப் பகுதிகளில் இருந்தன. மீதி ஐந்தைக் காட்டி, "இவை என்னுடையவை" என்றார். அகராதி அவருடைய மேசைக்குத் திரும்பிப் போயிற்று. அதை எடுத்துச் சென்றவர் அவரே.

இந்த இதழின் புரூஃபையும் அவர்தாம் பார்த்திருக்கிறார். இக்கட்டுரையிலேயே நான்கு இடம் திருத்தினார். சிறுவர் பகுதியில் வரும் கதையின் தலைப்பில், "பாட்டி" என்பதில் டகரத்தின் புள்ளி விழாமல் "பாடடி" என்றிருந்ததை நேற்று மாலை பிடித்துவிட்டார். உடனே உள்ளே இருந்த அம்மாவை அழைத்து, "இங்கே வந்து பார், உன்னைப் பாடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள்" என்று திரையைக் காட்டினார்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடுகிறேன், பாடுகிறேன். முதலில் பெட்டியை விட்டு எழுந்திருங்கள். தொடருக்கு நேரமாகிறது" என்றார்.